பன்னிரண்டாவது சொடக்கு

பழைய சுருள்கள் பொய் சொல்லும்.
பள்ளத்தைப் பள்ளமென்று ஒப்புக்கொள்ளாது.
'ஒண்ணுமில்ல டாக்டர், ஒண்ணுமில்ல' என்று
இடுப்பை ஒடித்துத் தாண்டிவிடும்.
புளியரை எஸ் வளைவில் மட்டும் குட்டு உடையும்.
வைக்கோல் லாரிக்குப் பின்னால், இரண்டாம் கியரில்,
மூக்கு கேரளாவுக்குத் திரும்பிய பிறகும்
பின்பக்கம் தமிழ்நாட்டிலேயே
யோசித்துக்கொண்டிருக்கும்.

வண்டி என்றால் ஐந்நூற்று அறுபது கிலோ.
கோயம்புத்தூரிலிருந்து பதினோரு பெட்டிகளில் வந்தது.
குழாய்ச் சட்டம், கண்ணாடியிழைத் தோல்,
யாரோ கழித்துப்போட்ட மாருதியின் எஞ்சின்.
கதவில்லை. கூரையில்லை.
செங்கோட்டையில் இதற்குப் பெயர்
டாக்டரம்மா சோப்பு டப்பா.

பகலில் பல் பிடுங்குகிறேன்.
ஆடுகிற பல்லை விரலால் தொட்டே
முதல் தரமா இரண்டாம் தரமா சொல்லிவிடுவேன்.
அதே விரலால் சனிக்கிழமை ராத்திரி
நாகூர்கனி பட்டறையில்
முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன்.
ரப்பர் புஷ் எல்லாம் ஈறு கரைந்து கிடந்தது.
'எடுத்துரலாம்' என்றேன்.
வாய்க்கு அதுதான் பழக்கம்.

நூற்றெண்பது பவுண்டு இருந்த இடத்தில்
இருநூற்று எழுபத்தைந்து.
மஞ்சள் சுருள்கள், எண்ணெய் வாசம்கூட மாறாதவை.
புஷ் இந்தமுறை பாலியூரித்தேன்,
கடித்தால் என்னிடம்தான் வரவேண்டும்.
டேம்பரின் காலில் ஒரு திருகு,
திருப்பினால் சொடக்கு விழும்.
மொத்தம் இருபத்துநாலு.
'பாதியில வைப்போம்' என்றான் கனி.

நாலு சக்கரத்துக்கு நாலு தராசு வேண்டும்.
ஆரியங்காவு குரியாச்சன்
ரப்பர் ஷீட் நிறுக்கும் இரண்டைத் தந்தார்,
தவிட்டுக்கடையில் மீதி இரவல்.
ஓட்டுகிறவரின் எடையோடு நிறுக்கவேண்டும்.
ஸ்பானரோ என் கையில்.
கனி கேட்கத் தயங்கினான்.
நானே சொன்னேன், அறுபத்தெட்டு.
என் இருக்கையில் ஐம்பது கிலோ உப்பு மூட்டை
மடியில் ஆறு செங்கல்லோடு உட்கார்ந்தது.
பெல்ட் போட்டுவிட்டோம்.
குரியாச்சன் எட்டிப்பார்த்து
'டாக்டர் கொறச்சு வெளுத்துப் போயல்லோ' என்றார்.

இடது முன்சக்கரம்
கல்யாண வீட்டில் கைகட்டி நிற்கிற மச்சான் போல
பாரம் தொடாமல் நின்றது.
அங்கே அரைச் சுற்று ஏற்றினால்
எதிர்மூலையும் சேர்ந்து கனக்கும்,
மற்ற இரண்டும் இளைக்கும்.
ஏற்றி, இறக்கி, வண்டியைக் குலுக்கி, மறுபடி நிறுத்து
பால்வண்டி போகும் நேரத்துக்குக்
குறுக்குக் கணக்கு சரிக்குச் சரி வந்தது.
மூட்டையை இறக்கிவிட்டு நான் ஏறினேன்.

எஸ் வளைவு.
மூக்கும் முதுகும் ஒரே நேரத்தில் திரும்பின.
அவ்வளவுதான், அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.
சாலையில் கிடந்த ஒவ்வொரு சரளையும்
தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது.
பைக்கில் பின்னால் வந்த கனி
ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

கோட்டைவாசலுக்கு முந்தைய திருப்பத்தில்
டிக்.
அடுத்த இடதிலும் டிக்.
ஓரங்கட்டினேன்.
பையில் கிடந்த வாய்க்கண்ணாடியைப்
பின் அச்சுக்கு மேலே நீட்டினேன்.
சட்டத்தில் பிராக்கெட் ஒட்டும் இடத்தில்
கடைவாய்ப்பல்லில் ஓடுமே,
அதே மயிர்க்கோடு.

இந்த ஒரு வெல்டு மட்டும் நான் வைக்கிறேன் என்று
அடம்பிடித்து வைத்தது.
மூன்று வருடமாகப் பழைய சுருள்கள்
ஒவ்வொரு பள்ளத்திலும் அதன்மேல்
துண்டைப் போட்டு மூடியிருக்கின்றன.
நான் அவற்றைக் கிழங்கள் என்று திட்டி
நேற்றுத்தான் பழைய இரும்பில் எறிந்தேன்.

கனி கண்ணாடியை வாங்கிப் பார்த்தான்.
யார் வெல்டு என்று கேட்கவில்லை.
சட்டையில் துடைத்துத் திருப்பித் தந்தான்.
கோழி லாரியிலிருந்து கிளீனர் பையன்
'பஞ்சரா சேச்சி' என்று கத்திப் போனான்.

மெதுவாகத் திரும்பிப்போகத்
திருகுகளைக் கடைசிவரை தளர்த்தினேன்.
சக்கரத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் நாற்பத்தெட்டு.
ஒவ்வொரு சொடக்கையும் வாய்விட்டு எண்ணினேன்.
திருப்பி வைக்கவேண்டுமே.